இடம் நன்று

புந்தா அரேனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும்.
இன்றிரவு வேலைக்கு அப்படித்தான் வந்தேன்,
பல்லிடுக்கில் மணலோடு.

மூன்றாம் மாடி, ஒன்பதாம் படுக்கை.
எலெயுத்தேரியோ பார்ரியா,
வயது எழுபத்தொன்று, நிமோனியா.
நாற்பது பருவம் ஆட்டுரோமம் கத்தரித்த கை.
ரோமத்தின் நெய் ஊறி ஊறி
தோல் இன்னும் வழுக்குகிறது;
எந்த டேப்பும் அரைநாள் நிற்பதில்லை.
அதனால் யாரோ
கானுலாவின் மேல் துணிக்கட்டைச் சுற்றி
முழுக்க மூடியிருந்தார்கள்.

மூடினால் நிற்கும்.
மூடினால் தெரியாது.

"வலிக்கிறதா, தோன் எலெயுத்தேரியோ?"
"இல்லை, மகளே."
கத்தரி தொடையைக் கிழித்த அன்றும்
இதே இல்லையைத்தான் சொல்லியிருப்பார்.
ஆனால் இரவுச் சூப் போர்வையெங்கும் சிந்தியிருந்தது.
வலக்கைக்காரர்
இடக்கையால் கரண்டி பிடித்திருக்கிறார்.

கட்டைப் பிரித்தேன்.
முழங்கை நோக்கி ஒரு சிவப்புக் கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.
தொட்டால் சூடு.
தோலுக்கடியில் ரத்தக்குழாய்
முறுக்கிய கயிறாய்க் கெட்டித்திருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
பகலில் மரிச்செல்: "கட்டு உலர்ந்துள்ளது."
அவள் பார்த்தது அவ்வளவுதான், எழுதியதும் அவ்வளவே.
நேற்றிரவு, மணி இரண்டு: "இடம் நன்று."
கையொப்பத்தின் வால்
அடுத்த கட்டத்துக்குள் நீண்டிருந்தது.
அந்த வால் எனக்குத் தெரியும்.
யாஸ்னா. நான்.

நினைவிருக்கிறது.
இருமி இருமி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்;
போர்வையை விலக்க மனம் வரவில்லை.
அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு
கட்டத்தை நிரப்பிவிட்டு
தேநீர் குடிக்கப் போனேன்.

சொட்டை நிறுத்தினேன்.
உருவி எடுத்தேன், பஞ்சு வைத்து அழுத்தினேன்.
குழலின் நுனி உடையாமல் வந்ததா என்று
விளக்கொளியில் பார்த்தேன். வந்திருந்தது.

இடக்கை.
முதல் குத்தில் குழாய் நழுவியது.
இரண்டாவதில் ரத்தமே வரவில்லை.
மூன்றாவது குத்து என்னுடையதல்ல,
இங்கே அதுதான் வழக்கம்.
திரினாவைக் கூப்பிட்டேன்.
வெந்நீர்த் துண்டோடு வந்தாள்,
முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை.
முதலில் சோப்பு, அந்த நெய் போக.
பிறகு மருந்துத் திரவம், அது காயும்வரை சும்மா இருத்தல்.
"ஊதாதே," என்றாள், நான் ஊத வாயெடுக்குமுன்.
மூட்டுக்கு விலகி, முன்கையில்
நீலநிறச் சிறியது ஒன்று
சொன்னபடி கேட்டது.
மேலே கண்ணாடிபோன்ற ஒட்டுப்படலம். அதன் ஓரத்தில் தேதி.

மருந்தேற்றுமுன் இணைப்புமுனையைத் தேய்க்கும்போது
பதினைந்து எண்ணுவது என் பழக்கம்.
அவரும் கூடவே எண்ணினார்,
பட்டியில் ஆடு எண்ணுகிற கணக்கில், இரண்டிரண்டாக.
நான் ஏழில் இருக்கையில்
அவர் பதினாலைத் தாண்டிவிட்டார்.
"முடிந்தது," என்றார்.
"முடியவில்லை," என்றேன்.

மருந்து ஏன் ஐம்பது நிமிடம் தாமதம் என்று
டாக்டர் உர்ருத்தியா தொலைபேசியில் கேட்டார்.
சொன்னேன்.
பிறகு எழுதினேன்:
நேற்றிரவு இரண்டு மணிப் பதிவு
பார்க்காமல் எழுதப்பட்டது. எழுதியவர் நான்.
பேனாவை மூட வெகுநேரம் ஆயிற்று.

அவரிடமும் சொன்னேன்.
கூரைத் தகரத்தில் காற்று இரைவதைக்
கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
"நேற்று நல்ல தூக்கம்," என்றார்.
மன்னித்தாரா, வெறும் தகவலா, தெரியவில்லை.

இப்போது மணி இரண்டு.
வாய் திறந்து உறங்குகிறார்.
கைவிளக்கை விரல்களால் பாதி மறைத்துப்
போர்வையை விலக்குகிறேன்.
கண் திறக்காமலே திட்டுகிறார்,
வேலி தாண்டிய ஆட்டைத் திட்டுவதுபோல்
நீளமாக, என் அம்மாவையும் சேர்த்து.

திட்டட்டும்.
குனிந்து பார்க்கிறேன்.